பாதுகாப்பு விதி கூடினால் பந்தயம் சப்பென்று ஆகிவிடுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஃபார்முலா ஒன்னில் பாதுகாப்புக்கு என்று சொல்லிச் சொல்லி விதியை மாற்றுகிறார்கள். மாற்றினதும் ஒரே டீம் வரிசையாக ஜெயிக்கிறது, பந்தயம் சப்பென்று போகிறது. பாதுகாப்பு கூடினால் போட்டி குறையத்தான் செய்யுமா? இன்னொன்று, நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து இரண்டாம் போகம் அறுத்த வயலில் ஜீப்பும் காரும் வைத்து ஒரு மண் பந்தயம் நடத்தலாம் என்றிருக்கிறோம். விதி எழுத உட்கார்ந்தால் எதை முதலில் எழுதுவது?"

இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் ஒன்றுதான் இருக்கிறது: ஒரு விதியை எழுதினால் அது எதைத் தொடுகிறது, தொட்ட இடத்தில் குறைந்த ஆபத்து வேறு எங்கே போய் முளைக்கிறது? வண்டிகளைப் பரிசோதிக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பாதுகாப்பும் போட்டியும் தராசின் இரண்டு தட்டு என்று நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது. மோதிய பிறகு ஆளைக் காப்பாற்றும் விதிகள் போட்டியை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. மோதலே வராமல் இருக்க வேகத்தைக் குறைக்கும் விதிகள்தான் பல தடவை இரண்டையும் சேர்த்துக் கெடுத்திருக்கின்றன.

முதலில் சந்தேகமே இல்லாத கணக்கு. ஓடும் வண்டியின் ஆற்றல் எடையோடு நேராகவும், வேகத்தோடு இருமடி விகிதத்திலும் ஏறும். வேகத்தை நூற்றுக்குப் பத்து குறைத்தால் ஆற்றல் பத்தொன்பது குறையும். அதனால் வேகத்தைக் குறை என்பது எந்த அமைப்புக்கும் முதலில் தோன்றுகிற யோசனை. எடையை மட்டும் மறந்துவிடுகிறார்கள். 1995-ல் ஓட்டுநரோடு சேர்த்து ஒரு ஃபார்முலா ஒன் காரின் குறைந்தபட்ச எடை 595 கிலோ. 2022-ல் 798. ஹைபிரிட் பேட்டரி, நீண்ட உடல், பெரிய சக்கரம், மோதலைத் தாங்கும் கூடு எல்லாம் சேர்ந்து ஏற்றிய எடை இது. 600 கிலோ கார் 300 கிலோமீட்டர் வேகத்தில் சுமக்கிற ஆற்றலை 800 கிலோ கார் 260-லேயே சுமந்துவிடும். தடுப்புச் சுவருக்கு வண்டியின் பெயரோ வேகமானியோ தெரியாது, அந்த ஆற்றல்தான் தெரியும்.

அடுத்தது நிற்கும் தூரம். மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு மீட்டர் நசுங்கி நின்றால் உள்ளே இருப்பவர் உடலில் சராசரியாக 127 ஜி, அதாவது தன் எடையைப் போல 127 மடங்கு விழும். மூக்கு நசுங்குவதும் தடுப்பு உள்வாங்குவதும் சேர்ந்து மூன்று மீட்டர் கிடைத்தால் 42 ஜி. நசுங்கும் மூக்கு, டயர் அடுக்கு, அமெரிக்காவில் 2002-ல் இண்டியானாபோலிஸ் சுவரில் முதலில் வைத்த, எஃகுக் குழாய்க்குப் பின்னால் நுரைக் கட்டிகள் கொண்ட சேஃபர் தடுப்பு எல்லாமே இந்த இரண்டு மீட்டரைச் சம்பாதிக்கத்தான். இதில் யாருக்கும் ஒரு விநாடி லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எல்லா வண்டிக்கும் ஒரே சுவர்.

ஹான்ஸ் கருவியும் அப்படித்தான். நேருக்கு நேர் மோதும்போது உடலை பெல்ட் பிடித்துக்கொள்ளும், ஹெல்மெட் போட்ட தலை மட்டும் முன்னால் பாயும். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைவது அந்த இழுப்பில்தான். தோளில் உட்காரும் ஒரு பட்டையிலிருந்து ஹெல்மெட்டின் இரு பக்கத்துக்கும் வார் போட்டு, அந்த இழுப்பைக் கழுத்துக்குப் பதிலாகத் தோள் பெல்ட்டுக்கு மாற்றுகிறது இந்தக் கருவி. 2001 பிப்ரவரியில் டேடோனாவில் டேல் ஏர்ன்ஹார்ட் இறந்த பிறகு அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் அதே வருஷம் இது போன்ற கருவி கட்டாயமானது, ஃபார்முலா ஒன்னில் 2003-ல். கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று அன்றைக்கு முனகாத ஓட்டுநர் குறைவு. 2018-ல் ஹேலோ வந்தபோதும் அதே முனகல். செருப்பு வார் மாதிரி இருக்கிறது என்று கேலி வேறு. ஓட்டுநரின் தலையைச் சுற்றி நிற்கும், சுமார் 12 டன் பாரத்தைத் தாங்க வேண்டிய டைட்டானியம் வளையம் அது. 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரோமன் குரோஷானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு இரண்டாக உடைந்து எரிந்தது. மோதலில் பதிவானது 67 ஜி. தடுப்பின் மேல் பட்டையை ஹேலோ தள்ளி விலக்கியதால்தான் தலை தப்பியது, அவர் அரை நிமிஷத்துக்குள் தானே ஏறி வெளியே வந்தார். அந்த வளையத்தால் முந்துவது குறைந்தது என்று யாரும் காட்டியதில்லை. போட்டிக்கு அது வைத்த செலவு எடை ஒன்றுதான், அதுவும் எல்லோருக்கும் ஒரே எடை.

இனி நீங்கள் சந்தேகப்படுகிற பக்கம். வேகத்தைக் குறைக்க எழுதிய விதிகளுக்கு என் கண்ணில் சிறந்த பாடம் கார் அல்ல, பைக். மோட்டோ ஜிபியில் 2002-ல் 990 சிசி நான்கு ஸ்ட்ரோக் பைக்குகள் வந்தன, நேர்ப்பாதை வேகம் பயமுறுத்தியது. 2007-ல் பாதுகாப்புக்கு என்று சொல்லி 800 சிசியாகக் குறைத்தார்கள். இழுவை குறைந்த பைக்கில் நேரத்தைச் சம்பாதிக்க ஒரே வழி வளைவில் வேகத்தை விடாமல் பிடிப்பது. பைக்கும் அதற்கேற்றபடி மாறியது, டயரும் மாறியது, எலக்ட்ரானிக்ஸும் மாறியது. நேர்ப்பாதையில் குறைந்த வேகம் வளைவின் நடுவில் வந்து உட்கார்ந்தது. விழுவது வளைவில்தானே? போட்டியும் மெலிந்தது. 990-ல் ஒருவர் உள்பக்கம் பிரேக் அடித்து நுழைவார், இன்னொருவர் அகலமாகப் போய் த்ராட்டிலைத் திறந்து மறுபடி பிடிப்பார். வளைவைக் கடக்க இரண்டு கோடு இருந்தது. 800-ல் ஒரே கோடுதான் வேகமான கோடு, அதை விட்டு விலகினால் நேரம் போச்சு. 2012-ல் 1000 சிசிக்குத் திரும்பினார்கள். இப்போது 2027-க்கு 850 சிசி என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்தத் தடவை எஞ்சினோடு நிறுத்தாமல், வண்டியைத் தாழ்த்தும் கருவிகளைத் தடைசெய்து, இறக்கைகளையும் சுருக்கியிருக்கிறார்கள். 2007-ல் கற்ற பாடம் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

சக்தியைக் குறைக்கிற வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராலியில் சக்தி கட்டுக்கடங்காத குரூப் பி கார்கள் ஆட்களைக் கொன்று 1986-ஓடு ஒழிந்த பிறகு, டர்போவின் வாயில் வைத்த 34 மில்லிமீட்டர் துளை நல்ல விதி. அந்தக் குறுகலில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டதும் அதற்கு மேல் ஒரு கிராம்கூட உள்ளே போகாது. பூஸ்டை எவ்வளவு ஏற்றினாலும் பயன் இல்லை. பிறகு 33 ஆக்கியிருந்ததை 2017-ல் 36 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். மூன்று மில்லிமீட்டர்தான், பரப்பில் நூற்றுக்குப் பத்தொன்பது கூடுதல். இந்த மாதிரி விதியை ஏமாற்ற வேண்டுமானால் துளையைச் சுற்றிக் காற்றை விட வேண்டும். 1995-ல் டொயோட்டா டீம் செய்தது அதுதான்: ஹோஸின் கிளாம்ப்பை இறுக்கினால் துளைத்தட்டு பின்னால் நகர்ந்து ஓரத்தில் இடைவெளி திறக்கும், பரிசோதனைக்காகக் கழற்றும்போது தானே மூடிக்கொள்ளும். பன்னிரண்டு மாதத் தடை வாங்கினார்கள். அந்த வேலைப்பாட்டை மட்டும் பார்த்தால் கைகூப்பத் தோன்றும்.

அதே துளைத்தட்டு நாஸ்காரில் நேர்மாறான வேலை செய்தது. 1987-ல் டாலடேகாவில் பாபி அலிசனின் கார் எழும்பி ரசிகர்கள் பக்க வேலியைக் கிழித்தது. 1988 முதல் டேடோனாவிலும் டாலடேகாவிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தட்டு கட்டாயமானது. வேகம் குறைந்தது உண்மை. ஆனால் சரிவான வளைவுள்ள அந்த ஓவலில் யாரும் த்ராட்டிலை விட வேண்டாத அளவுக்கு எல்லோருக்கும் ஒரே சக்தி என்றானதும் முப்பது நாற்பது வண்டிகள் ஒரே கொத்தாக ஓட ஆரம்பித்தன. முன்னால் ஒருவர் தடுமாறினால் பின்னால் பதினைந்து வண்டி அடுக்கடுக்காக மோதும். அங்கே அதற்கு 'பிக் ஒன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வேலி தாண்டும் ஆபத்தைக் குறைக்க எழுதிய விதி கூட்ட மோதலைப் பழக்கமாக்கிவிட்டது. போட்டி குறைந்ததா? இல்லை, கண்டபடி கூடியது. அதுதான் சிக்கலே. 2011 அக்டோபரில் லாஸ் வேகாஸ் ஓவலில் 34 இண்டிகார்கள் இப்படிக் கொத்தாக ஓடி, பதினைந்து வண்டிகள் சிக்கிய விபத்தில் டான் வெல்டன் இறந்தார். இண்டிகார் மாதிரி சக்கரம் மூடாமல் வெளியே நிற்கிற வண்டியில் இது இன்னும் மோசம். முன் வண்டியின் பின் டயர் சுற்றும்போது அதன் பின்முகம் மேல்நோக்கி ஓடும். பின்னால் வருபவரின் முன் டயர் அதில் உரசினால் ஏணி வைத்த மாதிரி ஏறிப் பறந்துவிடும்.

இதை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க ஓவல் தேவையில்லை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா ஒவ்வொரு வண்டியாக விட்டு, இளங்காளைக்கு 200 மீட்டர், பெரிய காளைக்கு 300 மீட்டர் என்று கடிகாரம் பார்ப்பார்கள். மதுரை, தூத்துக்குடிப் பக்கம் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஒரே நேரத்தில் சாலையில் விடுவார்கள். அங்கே ஆரவாரம் வேறு, சக்கரத்தோடு சக்கரம் கொளுவும் ஆபத்தும் வேறு. மாடும் வண்டியும் இரண்டு இடத்திலும் அதேதான். புறப்படும் முறை என்ற ஒரே விதி மொத்தத்தையும் மாற்றிவிடுகிறது. இதை மனசில் வையுங்கள், வயலுக்கு வரும்போது தேவைப்படும்.

ஃபார்முலா ஒன்னில் போட்டியைக் கெடுப்பது என்ன என்றால் முதல் பதில் முன் வண்டி கலைத்துவிட்டுப் போகும் காற்று. இறக்கையும் தரையும் காற்றைக் கொண்டு வண்டியைக் கீழே அழுத்துகின்றன. கலைந்த காற்றில் நுழைகிற பின் வண்டிக்கு அந்த அழுத்தம் கிடைக்காது, முன் டயர் வழுக்கும், சூடாகும், அவர் இரண்டு விநாடி தள்ளியே ஓட வேண்டியிருக்கும். 1994 இமோலாவில் சனிக்கிழமை ராட்சன்பெர்கரும் ஞாயிறு சென்னாவும் இறந்த பிறகு எழுதிய விதிகளில் பல நன்றாக வேலை செய்தன: பிட் பாதையில் வேகக் கட்டுப்பாடு, 3.5 லிட்டருக்குப் பதில் 3 லிட்டர் எஞ்சின், உயர்ந்த காக்பிட் ஓரங்கள். ஆனால் 1998-ல் வேகத்தைக் குறைக்க டயரில் பள்ளம் வெட்டச் சொன்னது சறுக்கல். ரப்பரின் பிடி யார் பின்னால் போனாலும் கிடைக்கும், காற்றின் பிடி தனியாகப் போனால்தான் கிடைக்கும். கிடைக்கிற பிடியை வெட்டிவிட்டு, கிடைக்காத பிடியை நம்ப வைத்தார்கள். வழுவழுப்பான டயர் 2009-ல்தான் திரும்பியது. 2017-ல் காரை அகலமாக்கி இறக்கையையும் பெரிதாக்கி வேகம் கூட்டியபோது முந்துதல் முந்தைய வருஷத்தைவிட ஏறத்தாழ பாதியானது. அது பாதுகாப்பு விதி அல்ல, பார்க்க மிரட்டலாக இருக்கட்டும் என்று எழுதிய விதி. ஆக உங்கள் குறையில் பாதிப் பழியை பாதுகாப்பின் தலையிலிருந்து இறக்கிவிடலாம்.

2022-ல் அழுத்தத்தைத் தரைக்கு அடியில் மாற்றினார்கள். முன் வண்டிக்கு இருபது மீட்டர் பின்னால் பழைய கார் நூற்றுக்கு 35 அழுத்தத்தை இழந்தது என்றும், புதியது 4 மட்டுமே இழக்கும் என்றும் ஃபார்முலா ஒன் நிர்வாகமே கணக்கு வெளியிட்டது. முதல் வருஷம் அது தெரிந்தது. பிறகு டீம்கள் முன் இறக்கை ஓரத்திலும் தரை ஓரத்திலும் காற்றை வெளியே தள்ளும் வளைவுகளைக் கண்டுபிடித்துக்கொண்டே போக, மூன்று நான்கு வருஷத்தில் ஓட்டுநர்கள் மறுபடி பழைய பாட்டையே பாடினார்கள். இதற்கிடையில் தரையோடு ஒட்டி ஓட வேண்டிய அந்த வடிவமைப்பே நேர்ப்பாதையில் காரைத் தவளை மாதிரி குதிக்க வைத்தது. அடியில் காற்றுவழி நெரிந்ததும் அழுத்தம் அறுந்து கார் எழும்பும், எழும்பினதும் அழுத்தம் திரும்பி இறங்கும், விநாடிக்கு ஐந்தாறு தடவை. பாகூவில் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினதைப் பார்த்திருப்பீர்கள். குதிப்புக்கு ஓர் அளவுகோல் வைத்து 2022 பெல்ஜியம் பந்தயத்திலிருந்து கட்டுப்படுத்தினார்கள், 2023-ல் தரை ஓரத்தை 15 மில்லிமீட்டர் உயர்த்தச் சொன்னார்கள். குதித்த டீம்கள் இதைப் பாதுகாப்பு என்றன, குதிக்காத டீம்கள் உன் காரை நீ உயர்த்திக்கொள் என்றன. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஓட்டுநரின் முதுகெலும்பு நிஜம், அதன் பேரில் எதிரியின் காரை மெதுவாக்கும் ஆசையும் நிஜம். பாதுகாப்புக் காரணம் என்றால் டீம்களின் சம்மதத்துக்குக் காத்திராமல் சர்வதேச அமைப்பு விதியை உடனே மாற்றலாம். எந்த மாற்றத்துக்கும் பாதுகாப்பு என்ற சட்டை மாட்டப்படுவதற்கு இது ஒரு காரணம். உங்கள் சந்தேகம் அந்த அளவில் நியாயமானது.

ஒரு பாதுகாப்பு விதி எவ்வளவு காலம் போட்டியைத் தீர்மானிக்கும் என்பதற்கு அடிப்பலகை ஒன்று போதும். கார் தரையோடு தேய்ந்து ஓடாமல் இருக்க 1994-ல் அடியில் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பலகை கட்டச் சொன்னார்கள். தேயலாம், ஆனால் குறிப்பிட்ட துளைகளின் ஓரத்தில் அளந்தால் 9 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அதே வருஷம் பெல்ஜியத்தில் ஷூமாக்கரின் வெற்றி அதில் போனது. 2023-ல் ஆஸ்டினில் ஹாமில்டன், லெக்லேர் இரண்டு பேர். 2025-ல் லாஸ் வேகாஸில் மெக்லாரனின் இரண்டு கார்களும். அங்கே மீறியது ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். காரை எவ்வளவு தாழ்த்தலாம் என்ற சூதாட்டத்துக்கு அந்தப் பலகைதான் ரசீது.

வேகத்தைக் குறைக்க எழுதிய விதி பாதுகாப்பையே கடித்ததும் உண்டு. 2005-ல் பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றக் கூடாது, பழுதானால் மட்டும் மாற்றலாம் என்றார்கள். நுர்பர்க்ரிங்கில் முதலிடத்தில் ஓடிய ரைக்கோனன் பிரேக்கைப் பூட்டி முன் டயரில் ஒரு தட்டை இடத்தை உண்டாக்கினார். வண்டி அதிர்ந்துகொண்டே இருந்தது. மாற்றப் போனால் வெற்றி போகும், போகாமல் ஓடினார். கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் முறிந்து கார் சிதறியது. அடிபடாமல் தப்பினார். அடுத்த மாதம் இண்டியானாபோலிஸில் மிஷலின் டயர்கள் சரிவு வளைவைத் தாங்காது என்று தெரிந்ததும் பதினான்கு கார்கள் ஒதுங்க, ஆறே கார்கள் பந்தயம் ஓடின. 2006-ல் அந்த விதி போய்விட்டது.

ஒரே டீம் ஜெயிக்கிறதே என்ற குறைக்கு வருகிறேன். பெரிய விதி மாற்றம் வந்த வருஷம் யாரோ ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடிப்பார். 2009-ல் பிரான் டீமின், காருக்கு அடியில் ஓடும் காற்றைப் பின்னால் வெளியேற்றும் இரட்டை டிஃப்யூசர். 2014-ல் டர்போ ஹைபிரிட் வந்ததும் மெர்சிடிஸ், எட்டு வருஷம் வரிசையாகத் தயாரிப்பாளர் பட்டம். விதியைத் தொடாமல் விட்டால் மற்றவர்கள் காப்பி அடித்துக் காப்பி அடித்து நெருங்கிவிடுவார்கள். இந்த அளவுக்கு நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் இந்த விதியால் இத்தனை முந்துதல் கூடியது என்று யாராவது எண் காட்டினால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அதே வருஷம் டயர் மாறியிருக்கும், மழைப் பந்தயங்கள் கூடியிருக்கும், பட்டியலில் டிராக்குகளும் மாறியிருக்கும். 2011 முதல் பின் இறக்கையைத் திறக்கும் டிஆர்எஸ் வேறு. நேர்ப்பாதையில் சும்மா கடந்து போவதும், பிரேக் முனையில் மல்லுக்கட்டி முந்துவதும் அந்தக் கணக்கில் ஒன்றேதான்.

2026 விதிகளிலும் இதே கண்ணால் பாருங்கள். எடை 768 கிலோவாக இறங்குகிறது. சுவருக்குப் பிடித்த மாற்றம். அகலம் 1900 மில்லிமீட்டர், முன்பைவிடப் பத்து சென்டிமீட்டர் குறைவு, பக்கத்தில் நுழைய இடம். டிஆர்எஸ் போய், எல்லோருக்கும் நேர்ப்பாதையில் முன்னும் பின்னும் இறக்கை படுக்கும். மின் மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350. புது ஆபத்து முளைக்கக்கூடிய இடம் அங்கேதான் என்பது என் கணிப்பு, கணிப்பு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தவரும் தீராதவரும் ஒரே நேர்ப்பாதையில் ஓடும்போது வேக வித்தியாசம் பெரிதாக இருக்கும். வித்தியாசம் இருந்தால் முந்தலாம், பின்னால் போய் இடிக்கவும் இடிக்கலாம்.

நம் பக்கத்துக்கு வருவோம். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே உங்களுக்குப் பக்கம். ஒரு சனி ஞாயிறு பந்தயத்துக்குப் போய், டிராக்கைவிட அதிக நேரம் பரிசோதனைக் கூடாரத்தின் அருகில் நில்லுங்கள். மாருதி 800 எஞ்சினில் ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிய கரிவர்தனின் பெயரில் உள்ள டிராக் அது. நாராயண் கார்த்திகேயன் ஒற்றை இருக்கைக் காரில் ஓட ஆரம்பித்ததும் அந்த ஃபார்முலா மாருதியில்தான். எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே டயர் என்பது செலவைக் குறைக்கும், போட்டியை நெருக்கும். அப்போது சண்டை பரிசோதனை மேசைக்கு மாறும். 1300 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 325 சிசி. அழுத்த விகிதம் 9 என்றால் மேலே மிஞ்சும் அறை 40.6 சிசி. ஹெட்டைக் கொஞ்சம் சீவி இரண்டு சிசி குறைத்தால் விகிதம் 9.4. கண்ணுக்குத் தெரியாது. ஹெட்டைக் கவிழ்த்து, கண்ணாடித் தகட்டால் மூடி, பியூரெட்டில் எண்ணெய் விட்டு அளந்தால்தான் தெரியும். ஆகவே எழுதுகிற விதியை உங்களால் அளக்க முடியுமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அளக்க முடியாத விதி நேர்மையானவனை மட்டும் மெதுவாக்கும்.

உங்கள் வயலுக்கு முதல் விதி வண்டியைப் பற்றியதே அல்ல. ஒரு நேரத்தில் ஒரு வண்டி, ரேக்ளா மாதிரி கடிகாரத்துக்கு எதிராக. இதிலேயே வண்டிக்கு வண்டி மோதல் முழுக்கப் போய்விடும். இரண்டாவது, நேர்ப்பாதையின் நீளம். ஈரக் களிமண்ணில் டயரின் பிடி (உராய்வுக் கெழு) 0.3 முதல் 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 மீட்டர் நேராக விட்டால் ஒரு ஜீப் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்டுவிடலாம், அந்த மண்ணில் நிற்க 130 மீட்டர் கேட்கும். 60 மீட்டரோடு வளைத்துவிட்டால் வேகம் ஏறத்தாழ 70-ல் அடங்கும், 65 மீட்டரில் நிறுத்திவிடலாம். எஞ்சினுக்குக் கட்டுப்பாடு எழுதி யார் பானெட்டைத் திறந்து பார்ப்பது? பாதையை வளைத்துப் போடுங்கள், மண்ணே கட்டுப்படுத்தும். மூன்றாவது, நம் வயலுக்கே உரிய ஆபத்துகள்: கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறு, மின்கம்பமும் அதன் ஸ்டே கம்பியும், உயர வரப்பு, வாய்க்கால் மதகு. கிணறு இருக்கிற வயலை எடுக்கவே வேண்டாம். வரப்பை வெட்டிச் சரிவாக்குங்கள், செங்குத்து வரப்பில் மூக்கு குத்தினால்தான் ஜீப் பல்டி அடிக்கும். ஆட்கள் நிற்க வளைவின் உள்பக்கத்திலும் மேட்டிலும் மட்டும் இடம். வெளிப்பக்கம் கயிறு கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், வழுக்கும் வண்டி கயிற்றைப் பார்த்து நிற்காது. ஆம்புலன்ஸ் வெளியேறும் திசை பார்த்து நிற்க வேண்டும், அது யாரையாவது ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வரும்வரை அடுத்த வண்டி புறப்படக் கூடாது. இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அனுமதி, போலீஸ் அனுமதி, காப்பீடு மூன்றும் இல்லாமல் கொடி அசைக்காதீர்கள். வயசு விஷயத்தில் கெஞ்சலுக்கு இடம் கொடுக்காதீர்கள், டிரைவிங் லைசென்ஸ் இல்லாதவர் ஸ்டியரிங் பக்கமே வரக் கூடாது.

வண்டிக்குள் ஒரே ஒரு எச்சரிக்கை. கூரை அமுங்காமல் தாங்கும் குழாய்க் கூடான ரோல் கேஜ் இல்லாத காரில் நான்கு முனை பெல்ட் போட விடாதீர்கள். கூரை அமுங்கும்போது ஆள் சாய முடியாமல் நேராக உட்கார்ந்தபடியே நசுங்குவார். கேஜ் இல்லையென்றால் கம்பெனி பெல்ட்டே போதும். கேஜ் போடுகிறவர்களுக்கு சர்வதேச விதியின் அளவு: பிரதான வளையம் தையல் இல்லாத கார்பன் எஃகுக் குழாய், 45 மில்லிமீட்டர் விட்டம் 2.5 தடிமன், அல்லது 50-க்கு 2. மற்றக் குழாய்கள் 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. தரையில் உட்காரும் இடத்தில் 3 மில்லிமீட்டர் தகடு, குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர், ஒவ்வொரு காலுக்கும் மூன்று எம்8 போல்ட், 8.8 தரம். ஊர் வெல்டிங் கடையில் கேட் செய்கிற பைப்பை வளைத்துக் கொடுப்பார்கள். அது தகட்டைச் சுருட்டித் தைத்தது, வளைக்கும் இடத்தில் தையல் பிரியும், தடிமனும் பாதிதான் இருக்கும். பெயின்ட் அடித்த பிறகு வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அதனால் வளையத்தில் வளைவும் வெல்டும் இல்லாத இடமாகப் பார்த்து 5 மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். வெர்னியரின் வால் கம்பியை அதற்குள் விட்டு, எதிர்ச் சுவரைத் தொட்டு அளந்த ஆழத்தை வெளி விட்டத்திலிருந்து கழித்தால் தடிமன் தெரிந்துவிடும்.